பாரிசவாதம்: அடைப்பா, கசிவா? வீட்டில் தெரியாது

சுபஹுக்கு வுழூ எடுக்கும்போது எனது சாச்சாவின் வாயிலிருந்து தண்ணீர் வலப்பக்கமாக வழிந்தது. கொப்பளிக்க முடியவில்லை. பிளேன்ரீ கொடுத்தோம், கிளாஸ் கையில் நிற்கவில்லை. நித்திரை போதாது என்று நினைத்து, தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். அவரது மகள் புத்தளத்தில் இருக்கிறாள். அவளிடமும் கேட்டுவிட்டு முடிவெடுப்போம் என்று காத்திருந்தோம். அஸருக்குப் பின்னர்தான் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். பத்து மணித்தியாலம் போய்விட்டது. தவறு முழுக்க எங்களுடையது.

கையும் காலும் விழுவதால், வருத்தம் அங்கேதான் என்று எண்ணி எண்ணெய் தேய்ப்பவர்கள் எமது ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வருத்தம் மூளையில்.

பாரிசவாதம் இரண்டு வகை. பத்தில் எட்டுக்கும் மேல் அடைப்பினால் வருவது. கழுத்துக் குழாயில் படிந்த கொழுப்போ, ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயத்தில் உறைந்த இரத்தக்கட்டியோ மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிடும். மற்றையது கசிவு. கவனிக்காமல் விட்ட பிரஷரினால் மெலிந்துபோன குழாய் வெடித்து இரத்தம் மூளைக்குள் பரவும். சிலருக்கு மூளையின் மேற்பரப்பில் பலூன்போல் வீங்கியிருந்த குழாய் வெடிக்கும். வாழ்நாளில் கண்டிராத தலையிடி திடீரென்று வரும்.

வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ நேர்மாறானது. அடைப்பென்றால் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றலாம், ஆனால் நாலரை மணித்தியாலத்துக்குள். கசிவுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் ஆளே போய்விடலாம். எது என்பதை சீ.ரீ. ஸ்கேன்தான் சொல்லும். ஆகவே நெஞ்சுவலிக்குக் கொடுப்பதுபோல் வீட்டில் அஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். சாப்பாடும் தண்ணீரும்கூட வேண்டாம், புரையேறும்.

பெரிய குழாய் அடைபட்டால் ஒரு நிமிடத்தில் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறக்கின்றன. எந்த இடத்துக் கலங்கள் என்பதைப் பொறுத்தே பாதிப்பு. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் உடம்பின் வலப்பக்கம் விழும். பெரும்பாலானோருக்குப் பேச்சும் போகும். வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமல் போய்விடும். பீங்கானில் இடப்பக்கச் சோற்றைத் தொடாமலே எழும்புவார்கள். சிறுமூளையில் வந்தால் தலைசுற்று, தள்ளாட்டம். மூளைத்தண்டில் வந்தால் விழுங்குவதும் மூச்சும் பாதிக்கப்படும்.

சாச்சாவுக்கு இடப்பக்கம். மகளின் பெயரைச் சொல்ல வாயெடுப்பார், வராது, கண் கலங்கும். ஆனால் ஃபாத்திஹா ஸூராவைத் தொடங்கினால் தடங்கலின்றி முடிவுவரை ஓதுவார். ‘இது ஓதும், எங்களோடு பேசாதா?’ என்று வீட்டில் குழம்பினார்கள். நடிப்பல்ல. புதிதாக ஒரு வசனத்தைக் கட்டும் வேலையும், சிறுவயதிலிருந்து ஓதி ஊறியது தானாக வருவதும் மூளையில் ஒரே வழியில் நடப்பதில்லை.

இன்னொன்று: முகம் கோணி, பேச்சுக் குழறி, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால் பலர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று கடைக்குப் போய்விடுகிறார்கள். அது அடுத்து வரப்போவதன் முன்னறிவிப்பு. அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். நோன்பு காலத்தில் பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்துவோரும் கவனிக்க. வேளையை மாற்றித்தர வைத்தியரால் முடியும்.

முகம் கோணுகிறதா, கை தூக்க முடியவில்லையா, பேச்சுக் குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 1990ஐ அழையுங்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அந்த இலக்கத்தை மனப்பாடமாக்கத் தேவையில்லை; ஒக்டோபர் 30இல் நாம் வெளியேற்றப்பட்ட ஆண்டு அது. அதே இலக்கத்தில் இலவச அம்பியூலன்ஸ் 2018 ஜூலை முதல் வடக்கிலும் ஓடுகிறது. நயினாதீவு, நெடுந்தீவு மக்களுக்குப் படகு நேரமும் சேர்கிறது; அவர்கள் ஒரு நிமிடமும் யோசிக்கக் கூடாது. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து, தொலைபேசியில், சாச்சா மகளின் பெயரில் பாதியைச் சொன்னார்.