முன்திட்டமின்றிப் புனைகதை எழுதுதல்

முன்திட்டமின்றிப் புனைகதை எழுதுதல் என்பது, கதையின் நிகழ்வுகளையும் முடிவையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாமல், எழுதிக்கொண்டே கதையைக் கண்டடையும் எழுத்துமுறை ஆகும். தொடங்கும்போது எழுதுபவரிடம் ஒரு காட்சியோ, ஒரு மனிதரோ, ஒரு சிக்கலோ மட்டுமே இருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்பது அடுத்த பக்கத்தை எழுதும்போதுதான் அவருக்கே தெரியவரும்.

இம்முறை உழைப்பைக் குறைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது முன்னால் செய்யவேண்டிய வேலையைப் பின்னால் தள்ளிவைக்கிறது. திட்டமிடுபவர் எழுதுவதற்கு முன் செய்யும் தேர்வுகளை, திட்டமிடாதவர் முதல் வரைவு முடிந்த பிறகு திருத்தத்தில் செய்கிறார். எனவே இம்முறையின் வெற்றி கற்பனை வளத்தை மட்டும் பொறுத்ததல்ல. எழுதிய பக்கங்களுக்குத் திரும்பிச் சென்று மாற்றும் வாய்ப்பு எழுத்தாளருக்கு இருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

பெயர்கள்

ஆங்கில எழுத்துலகில் திட்டமிட்டு எழுதுவோரை ‘பிளாட்டர்’ என்றும், திட்டமிடாமல் எழுதுவோரை ‘பான்ட்சர்’ என்றும் அழைப்பது வழக்கம். இரண்டாவது சொல் விமானம் ஓட்டுவதோடு தொடர்புடைய பழைய வழக்கு ஒன்றிலிருந்து வந்தது. கருவிகளின் துணையின்றி, இருக்கையில் உடல் உணரும் அசைவை மட்டும் நம்பி விமானத்தைச் செலுத்துவதை அவ்வழக்கு குறித்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இவ்விரு வகையினரையும் கட்டடக் கலைஞர்கள் என்றும் தோட்டக்காரர்கள் என்றும் பிரித்தார். கட்டடக் கலைஞருக்கு அறைகளின் எண்ணிக்கை முதல் தண்ணீர்க் குழாய் செல்லும் வழி வரை முன்பே தெரியும். தோட்டக்காரருக்கு விதை இன்னதென்று தெரியும். கிளை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. மார்ட்டின் தம்மைத் தோட்டக்காரர்களின் பக்கம் சேர்த்துக்கொள்பவர்.

செயல்படும் முறை

இம்முறையில் கதை பெரும்பாலும் ஒரு நிலைமையிலிருந்து தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, மழை பெய்யும் மாலையில் ஒரு முதியவர் டிரங்குப் பெட்டியுடன் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார் என்று கொள்வோம். பேருந்து வருகிறது, அவர் ஏறவில்லை. அடுத்த பேருந்து வருகிறது, அதிலும் ஏறவில்லை. ஏன் என்று எழுதுபவருக்கும் தெரியாது. எதிரே உள்ள தேநீர்க்கடைச் சிறுவன் அவரிடம் வந்து கேட்கிறான். அவன் கேட்டதால் அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். அவர் சொல்லும் பதில் கதையை அடுத்த இடத்துக்கு நகர்த்துகிறது.

இங்கே எழுத்தாளர் கதைமாந்தரை இழுத்துச் செல்வதில்லை. இந்த மனிதர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அமெரிக்க நாவலாசிரியர் ஈ. எல். டாக்டரோவ், இவ்வகை எழுத்தை இரவில் கார் ஓட்டுவதற்கு ஒப்பிட்டார். முகப்பு விளக்கின் வெளிச்சம் சில அடி தூரமே தெரியும்; ஆனால் அந்த வெளிச்சத்தைக் கொண்டே முழுப் பயணத்தையும் முடித்துவிடலாம்.

டோல்கீன்: மூலையில் அமர்ந்திருந்த அந்நியன்

இம்முறையின் பலனையும் விலையையும் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டு ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’. 1937-இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ வெற்றி பெற்றதும், பதிப்பாளர் அதன் தொடர்ச்சியைக் கேட்டார். அவ்வாண்டு டிசம்பரில் டோல்கீன் முதல் அத்தியாயத்தை எழுதினார். அது ஒரு பிறந்தநாள் விருந்து. அதற்குப் பின் கதை எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியாது.

அவருடைய மகன் கிறிஸ்டோபர் பிற்காலத்தில் பதிப்பித்த கையெழுத்துப் படிகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. நாயகன் பெயர் அப்போது ஃப்ரோடோ அல்ல, பிங்கோ. பயணத்தின் தொடக்கத்தில் ஹாபிட்கள் சாலையில் ஒரு குதிரையின் காலடி ஓசையைக் கேட்டு ஒளிந்துகொள்கின்றனர். முதலில் எழுதியபோது குதிரையில் வந்தவர் அவர்களுடைய நண்பரான கேண்டால்ஃப். எழுதும்போதே டோல்கீன் மனம் மாறி, அவரை முகம் தெரியாத கறுப்புக் குதிரைவீரன் ஆக்கினார். முழு நாவலையும் துரத்தும் அச்சம் இப்படித்தான் கதைக்குள் வந்தது.

பிரீ என்ற ஊரின் விடுதியில் ஓர் அந்நியன் மூலையில் அமர்ந்திருக்கிறான். அவன் யார் என்று ஃப்ரோடோவுக்குத் தெரியாதது போலவே தமக்கும் தெரிந்திருக்கவில்லை என்று 1955-இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் குறிப்பிட்டார். முதல் வரைவுகளில் அவன் மரக்காலணி அணிந்த ஒரு ஹாபிட், பெயர் ட்ராட்டர். பல வரைவுகளுக்குப் பிறகே அவன் அரச மரபின் வாரிசான அரகோர்ன் ஆனான்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. மோரியா சுரங்கத்தில் பாலினின் கல்லறை அருகே வந்தபோது எழுத்து நின்றது. ஏறத்தாழ ஓராண்டு கழித்தே தொடர முடிந்தது. முடிவை எட்டிய பின், முழுக் கதையையும் பின்னிருந்து முன்னோக்கித் திருத்தி, பெருமளவு மீண்டும் எழுதவேண்டியிருந்தது. நூல் 1954, 1955 ஆண்டுகளில்தான் வெளிவந்தது.

திருத்தம் புதிய நாவலோடு நிற்கவில்லை. 1937-இல் அச்சான ‘தி ஹாபிட்’ நூலில் கோலம் என்ற பாத்திரம் புதிர்ப் போட்டியின் பரிசாக மோதிரத்தைத் தர முன்வந்திருந்தது. மோதிரம் பேரழிவின் கருவியாக வளர்ந்தபின் இது பொருந்தவில்லை. எனவே டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். அது 1951 பதிப்பில் இடம்பெற்றது. ஏற்கெனவே வெளியான நூலைக்கூடத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.

ஸ்டீபன் கிங்: நின்றுபோன நாவல்

ஸ்டீபன் கிங் 2000-இல் வெளியிட்ட ‘ஆன் ரைட்டிங்’ என்ற நூலில், கதைகளை மண்ணில் புதைந்த தொல்லுயிர் எச்சங்களுக்கு ஒப்பிடுகிறார். எழுத்தாளர் அவற்றை உருவாக்குவதில்லை. உடையாமல் தோண்டி எடுக்கிறார் என்பது அவர் கருத்து. ‘மிசரி’ நாவலில் சிறைப்பட்ட எழுத்தாளன் கொல்லப்படுவான் என்றே அவர் முதலில் எண்ணியிருந்தார். எழுத எழுத, அப்பாத்திரம் அவர் நினைத்ததைவிடச் சாமர்த்தியசாலியாக மாறி உயிர் பிழைத்தது.

அதே நூலில் அவர் தம் தோல்வி நெருங்கிய அனுபவத்தையும் மறைக்கவில்லை. ‘தி ஸ்டாண்ட்’ நாவலை 500 பக்கங்களுக்கு மேல் எழுதிய பிறகு கதை நகரவில்லை. பாத்திரங்கள் பெருகிவிட்டன, எல்லாக் கிளைகளும் ஒரே சமயத்தில் தேங்கின. எழுதிய பக்கங்கள் குறைவாக இருந்திருந்தால் அதைக் கைவிட்டிருப்பேன் என்கிறார் அவர். பல வாரங்கள் நீண்ட நடைப்பயணம் சென்று யோசித்தபின், ஒரு குண்டுவெடிப்பில் முக்கியமானவர்களில் சிலரை இறக்கச் செய்யும் வழி தோன்றியது. கதை மீண்டும் ஓடியது. நாவல் 1978-இல் வெளிவந்தது.

முதல் வரைவை முடித்ததும் குறைந்தது ஆறு வாரங்கள் அதைத் தொடாமல் வைக்கவேண்டும், இரண்டாம் வரைவில் 10 விழுக்காட்டைக் குறைக்கவேண்டும் என்பவை கிங்கின் விதிகள். கதையைத் திட்டமிடாதவர் திருத்தத்தைக் கண்டிப்பாகத் திட்டமிடுவது கவனிக்கத்தக்கது.

தொடர்கதையும் அச்சேறிய பக்கமும்

எழுத எழுத வெளியிடப்படும் படைப்பில் இம்முறையின் ஆபத்து கூடுகிறது. கடந்த வாரம் அச்சானதை இந்த வாரம் மாற்ற முடியாது.

சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவலான ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836 ஏப்ரல் முதல் மாத இதழ்களாக வெளிவந்தது. அதில் திட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நான்காம் இதழில் சாம் வெல்லர் என்ற பணியாள் வந்த பிறகு விற்பனை ஏறியது. சில நூறுகளில் இருந்த விற்பனை முடிவில் 40,000 வரை சென்றது. ஆயினும் டிக்கன்ஸ் அந்த வெற்றியை நம்பி அப்படியே தொடரவில்லை. 1846-இல் தொடங்கிய ‘டோம்பி அண்ட் சன்’ முதல் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு தாளில் குறிப்பு எழுதினார். தாளின் இடப்பக்கம் தமக்குத்தாமே கேட்டுக்கொண்ட கேள்விகளும் யோசனைகளும். வலப்பக்கம் அத்தியாயங்களின் பிரிவு. இது முழுத் திட்டத்துக்கும் திட்டமின்மைக்கும் இடைப்பட்ட வழி.

மார்ட்டினின் நிலை இதன் மறுபக்கம். 1993-இல் அவர் தம் கற்பனை வரலாற்றுக் கதையை மூன்று நூல்களாகத் திட்டமிட்டு ஒரு கடிதம் எழுதினார். வெளிவந்த கதை அதிலிருந்து வெகுதூரம் விலகியது. முதல் நூல் 1996-இலும் மூன்றாவது 2000-இலும் வந்தன. அதன்பின் கதையில் ஐந்து ஆண்டுகளைத் தாண்டிச் செல்ல முயன்று, அது பொருந்தாததால் அம்முயற்சியைக் கைவிட்டார். நான்காம் நூல் 2005-இலும் ஐந்தாம் நூல் 2011-இலும் வந்தன. ஆறாம் நூலுக்கான காத்திருப்பு அதன்பின் பத்தாண்டுகளையும் கடந்தது. டோல்கீன் முடிவைக் கண்டபின் தொடக்கத்துக்குத் திரும்பினார். மார்ட்டினுக்கு முதல் ஐந்து நூல்களும் மூடிய கதவுகள்.

தமிழில் 20-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற நாவல்கள் பல, வார இதழ்களில் தொடர்கதைகளாக வந்தவை. அவற்றின் ஆசிரியர்களுக்கும் இதே கட்டுப்பாடு இருந்தது. வரலாற்று நாவலில் இதற்கு ஓர் ஆறுதல் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அருள்மொழிக்கு முன் உத்தம சோழன் அரியணை ஏறினான் என்பதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முன்பே சொல்லிவிட்டன. இடையில் கதை எந்த வளைவில் சென்றாலும், வந்துசேரவேண்டிய கரையை வரலாறு காட்டியது.

பொருந்தும் வகைகளும் பொருந்தாத வகைகளும்

சிறுகதைக்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஐந்து பக்கங்களை முழுவதுமாக மாற்றி எழுத ஒரு நாள் போதும். பாத்திரங்களின் மனப்போக்கை மையமாகக் கொண்ட நாவலுக்கும் இது பொருந்தும்.

துப்பறியும் கதையில் தடயங்கள் முடிவிலிருந்து பின்னோக்கி அமைக்கப்படுவதால் திட்டம் தேவைப்படுகிறது. அகதா கிறிஸ்டி விட்டுச்சென்ற 73 குறிப்பேடுகள் இதற்குச் சான்று. ஆனால் அவற்றிலும் அவர் ஒரே கதைக்குப் பல கொலையாளிகளை மாற்றி மாற்றி யோசித்திருப்பதைக் காணலாம். தேடல் இரு சாராருக்கும் பொது. ஒருவர் குறிப்பேட்டில் தேடுகிறார்; மற்றவர் வரைவிலேயே தேடுகிறார்.

தவறான எண்ணங்கள்

மனத்தில் தோன்றுவதைத் தடையின்றி எழுதும் தானியங்கி எழுத்து இம்முறையிலிருந்து வேறுபட்டது. 1919-இல் ஆந்த்ரே பிரெத்தோனும் பிலிப் சூப்போவும் அதைச் செய்துபார்த்தபோது, அவர்கள் நோக்கம் கதை அல்ல. அறிவின் கட்டுப்பாட்டிலிருந்து மொழியை விடுவிப்பது.

ஜாக் கெரோவாக் 1951 ஏப்ரலில் ஏறத்தாழ 120 அடி நீளத் தாள்சுருளில் மூன்றே வாரங்களில் ‘ஆன் த ரோட்’ நாவலைத் தட்டச்சு செய்தார் என்பதும் பெரிதும் பேசப்படுகிறது. அதற்கு முன் சில ஆண்டுகள் அவர் குறிப்பேடுகளில் அக்கதையை முயன்று பார்த்ததும், நூல் திருத்தங்களுக்குப் பிறகு 1957-இல்தான் வெளிவந்ததும் குறைவாகவே பேசப்படுகின்றன.

இரண்டாம் வரைவு

பேருந்து நிறுத்தத்தில் நின்ற முதியவரின் கதை நான்காம் பக்கத்தில் முடிகிறது என்று கொள்வோம். சிறுவன் உதவ வந்து பெட்டியைத் தூக்குகிறான். அது காலியாக இருக்கிறது. முதியவர் வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பியவர். யாராவது வந்து திரும்ப அழைப்பார்கள் என்று காத்திருக்கிறார். இதை எழுதும் கணத்தில்தான் எழுத்தாளரும் இதை அறிகிறார்.

இப்போது முதல் பக்கத்துக்குத் திரும்பவேண்டும். அங்கே முதியவர் பெட்டியை இரு கைகளாலும் சிரமப்பட்டு இறக்கியிருந்தால் அது தவறாகிவிட்டது. ஒரு கையால் எளிதாகத் தூக்கவேண்டும். வாசகர் அதைக் கவனித்தும் கவனியாமலும் கடந்துசெல்லவேண்டும். அவர் பார்வை பேருந்து வரும் திசையில் அல்ல, வீடு இருக்கும் தெருவின் பக்கம் இருக்கவேண்டும்.

இவ்வேலைக்கு ஓர் எளிய வழி, முதல் வரைவின் ஒவ்வொரு காட்சியையும் ஒரே வரியில் எழுதிப் பட்டியலிடுவது. எந்தக் காட்சி முடிவுக்கு உதவுகிறது, எது தேடலின்போது மட்டும் தேவைப்பட்டது என்பது பட்டியலில் தெரிந்துவிடும். கதை உண்மையில் இரண்டாம் பக்கத்தில் தொடங்குவதும் பல வேளைகளில் தெரியவரும். அப்போது முதல் பக்கத்தை நீக்கலாம். திட்டமிடாத எழுத்தாளருக்குக் கதைத்திட்டம் இப்படி இறுதியில் கிடைக்கிறது.

புதிதாக எழுதுவோர் பாதியில் நின்றுவிட்ட கதையைத் தம் திறமைக் குறைவுக்குச் சான்றாகக் கருதிக் கைவிடுவது உண்டு. மோரியாவில் டோல்கீன் நின்றதும், 500 பக்கங்களுக்கு மேல் கிங் நின்றதும் அதே இடம்தான். தேங்கிய கதையைச் சில நாட்கள் விலக்கிவைத்து, கடைசியாக உயிரோட்டம் இருந்த வரிக்குத் திரும்பி, அங்கிருந்து வேறு வழியில் மீண்டும் எழுதிப் பார்ப்பது இம்முறையின் ஒரு பகுதியே.