விட்ஜெட் வாங்கினால் போதுமா? ஐரோப்பியச் சட்டம் கேட்பது என்ன

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி ஆன்லைன் கடைகள் இருக்க வேண்டும் என்று கேட்கும் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அமலில் இருக்கிறது. ஆனாலும் ‘2030 வரை அவகாசம் உண்டாமே?’ என்று கேட்டு வாசகர் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த அவகாசம், கெடுவுக்கு முன் போட்ட ஒப்பந்தங்களுக்கும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த கருவிகளுக்கும்தான். திருப்பூரிலிருந்து ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு நேரடியாகச் சட்டை விற்கும் புதிய ஆன்லைன் கடைக்கு அது பொருந்தாது.

அடுத்த குழப்பம்தான் கவலை தருகிறது. ‘ஒரு வரி நிரலைச் சேருங்கள், தளம் சட்டப்படி சரியாகிவிடும்’ என்று விட்ஜெட்டுகளை விற்கிறார்கள். நம்பாதீர்கள்.

பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர், பக்கத்தின் பின்னணியில் உள்ள எச்.டி.எம்.எல். அமைப்பைத்தான் வாசிக்கிறது. ‘கூடையில் சேர்’ என்பதை பட்டன் குறியில் எழுதினால் டேப் விசை அங்கே நிற்கும், எண்டர் வேலை செய்யும், ‘கூடையில் சேர், பட்டன்’ என்று குரல் வரும். எல்லாம் பிரவுசரே இலவசமாகத் தருவது. அதையே வெறும் டிவ் பெட்டியில் எழுதி நிறம் பூசினால் பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும். டேப் அதைத் தாண்டிப் போய்விடும். சட்டையைத் தேர்ந்தெடுத்தவரால் வாங்க முடியாது. டிவ்வைப் பட்டனாக்க நிரலாளர் ரோல், டேப்இண்டெக்ஸ், விசைக் கட்டளை என மூன்றையும் ஒவ்வொரு இடத்திலும் எழுத வேண்டும். அவர் வேலை மாறிப் போனதும் ஏதாவது ஒன்று விடுபடும். ஒழுங்காக எழுதிய தளத்தைப் பராமரிப்பதும் சுலபம் என்பது இதனால்தான்.

விட்ஜெட்டோ மூல நிரலைத் தொடுவதில்லை. பக்கம் திறந்த பிறகு எது பட்டன் என்று ஊகிக்கிறது. படத்துக்கு ‘சட்டை அணிந்த ஆண்’ என்று விளக்கம் தரும். வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது காலரும் துணியும். தன் விட்ஜெட் எந்தத் தளத்தையும் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்சஸிபி நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது அமெரிக்க வர்த்தக ஆணையம். ஐரோப்பிய மாற்றுத்திறனாளிகள் மன்றமும் இத்தகைய மேற்பூச்சு சட்டத்துக்குப் போதாது என்று 2023இல் சொல்லிவிட்டது.

சட்டத்திலேயே ஓர் ஓட்டை: ‘அளவுக்கு மீறிய சுமை’ என்றால் விலக்கு உண்டு. சுமையா என்று முதலில் கணக்குப் போடுவதும் அதே நிறுவனம்தான்! வாடிக்கையாளர் தரப்பை அங்கே யார் பேசுவார்கள்?

சிறு நிறுவனமா? 10 பேருக்குக் குறைவான ஊழியர்களும் 20 லட்சம் யூரோவுக்கு மிகாத விற்றுமுதலும் என்றால் சேவைகளுக்கு விலக்கு.

எழுத்து நிறம்? சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும்.

அபராதம்? நாட்டுக்கு நாடு மாறும்.

எப்படிச் சோதிப்பது? மவுஸைத் தொடாமல், இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக்கொண்டு, உங்கள் கடையிலேயே ஒரு சட்டை வாங்கிப் பாருங்கள்.