ஒரு கப்பலின் உயிர்ப்பு

பழமை எய்தியதைப் பயனற்றதெனத் தள்ளிவிடுவது உலக வழக்கம். தள்ளுண்டதை எடுத்துத் தம் பணிக்கென அமைத்துக்கொள்வது இறைவனின் வழி. இதற்குச் சான்றாக நிற்கிறது ஒரு கப்பலின் வரலாறு.

1953-ஆம் ஆண்டில், லாயிட் திரியெஸ்தினோ என்னும் இத்தாலிய நிறுவனத்திற்காகத் திரியெஸ்தே நகரில் கட்டி முடிக்கப்பட்டது 'விக்டோரியா'. 159 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 11,700 டன் கொள்ளளவும் கொண்ட இக்கப்பலும், இதன் இணைக்கப்பலான 'ஆசியா'வும், சூயஸ் கால்வாய் வழியே பம்பாய்க்கும் ஹாங்காங்குக்கும் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்றன.

1967-இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்ததால் நாள்களும் எரிபொருட் செலவும் பெருகின. பயணிகளோ வானூர்தியை நாடினர். பின்னாளில் 'ஆசியா' கால்நடைகளை ஏற்றும் கப்பலாக மாற்றப்பட்டது. 'விக்டோரியா' வெனிஸ் நகரில் வேலையின்றி நின்றது.

அந்நாளில் டான் ஸ்டீவன்ஸ், டேயன் என்னும் அமெரிக்கத் தம்பதியர், ஏழைகளுக்கென ஒரு மருத்துவக் கப்பல் வேண்டுமென விரும்பினர். கடும் ஊனத்துடன் பிறந்த மகனைப் பேணிய பெற்றோர் அவர்கள். கல்கத்தாவில் அன்னை தெரேசாவைச் சந்தித்தது டானுக்குப் பெரும் ஊக்கமளித்தது. 1978-இல், பழைய இரும்பின் விலையான பத்து லட்சம் டாலருக்கு 'விக்டோரியா' வாங்கப்பட்டது. கிரேக்க நாட்டில் நான்கு ஆண்டுகள் பழுதுபார்க்கப்பட்டு, 'அனஸ்தாசிஸ்' என்னும் புதுப்பெயர் பெற்றது. உயிர்த்தெழுதல் என்பதே அச்சொல்லின் பொருள்.

1982-இல் அது மீண்டும் கடலேறியது. சரக்கறைகள் இருந்த இடத்தில் மூன்று அறுவைக்கூடங்களும் 40 படுக்கைகளும் அமைந்தன. ஏழை நாடுகளின் துறைமுகங்களில் மாதக்கணக்கில் தங்கி, கண்புரையால் பார்வை இழந்தோருக்கும், பிளவுபட்ட உதட்டுடன் பிறந்த குழந்தைகளுக்கும், முகக்கட்டியால் ஊராரால் ஒதுக்கப்பட்டோருக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. மருத்துவர் முதல் சமையற்காரர் வரை அனைவரும் தொண்டர்கள். ஊதியம் பெறாததோடு, தங்கள் உணவுக்கும் உறைவிடத்திற்கும் தாங்களே பணம் செலுத்தினர். பிற சபைச் சகோதரர்கள் தொடங்கிய இப்பணி, நாமும் போற்றத்தக்கது.

2007-இல் லைபீரியாவில் தன் இறுதிப் பணியை முடித்த இக்கப்பல், நம் நாட்டிலேயே, குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. முதல் இருபத்து நான்கு ஆண்டுகள் கட்டணம் செலுத்தியோருக்கு உழைத்தது. இறுதி இருபத்தைந்து ஆண்டுகள் செலுத்த இயலாதோருக்கு உழைத்தது.

அன்பார்ந்த வாசகர்களே! 'இனி எதற்கும் உதவார்' என நாம் மூலையில் அமர்த்தியுள்ள முதியோரும் ஊனமுற்றோரும் நம் இல்லங்களில் உண்டல்லவா? இன்று மாலைச் செபத்தின்போது அவர்களை நடுவில் அமர்த்தி, செபமாலையை அவர்களே தொடங்கட்டும் எனக் கேட்டுக்கொள்வோம்.