விசைத் தெளிப்பானில் தங்கும் பெட்ரோல்: கெடாமல் காப்பது எப்படி?

சம்பா அறுவடை முடிந்து மாசியில் ஓரமாக வைக்கப்படும் விசைத் தெளிப்பான், ஐப்பசி, கார்த்திகையில் பயிரில் பூச்சி தென்படும்போதுதான் பெரும்பாலும் மீண்டும் வெளியே வருகிறது. புகையான் போன்ற பூச்சி திட்டுத் திட்டாகப் பயிரைக் காய வைத்துக்கொண்டே பரவும். அந்த வேளையில் எத்தனை முறை கயிற்றை இழுத்தும் எஞ்சின் கிளம்பாவிட்டால், மெக்கானிக்கைத் தேடி அலையும் நாட்களுக்குள் மகசூல் கைவிட்டுப் போகலாம். இத்தகைய பழுதுக்குப் பல வேளைகளில் காரணம், எட்டு மாதமாக உள்ளே தங்கிவிட்ட பழைய பெட்ரோலே.

கெடுவது ஏன்?

பெட்ரோல் பல பொருள்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சின் கிளம்ப உதவுகிறது. அதுவே முதலில் ஆவியாகிப் போகிறது. எஞ்சியதில் சில பொருள்கள் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து பிசினாக மாறுகின்றன. கார்புரேட்டரில் உள்ள ஜெட் என்னும் சிறு துளையை அடைக்க இப்பிசின் சிறிதளவே போதும்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பு நம் நாட்டில் 2022-இல் 10 சதவீதத்தையும், 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டரை அரிக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆபத்து இன்னும் அதிகம். அதற்கு வேண்டிய ஆயில் பெட்ரோலில் கலந்தே செல்கிறது. அடியில் தங்கிய நீரில் அந்த ஆயில் சேராது. ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் தேய்ந்து இறுகிவிடும்.

ஓய்வில் வைக்கும் முன்

ஒரு மாதத்துக்கு மேல் கருவிக்கு வேலையில்லை என்றால் கீழ்க்கண்டவற்றைச் செய்தல் வேண்டும்.

1. எஞ்சின் நன்கு ஆறிய பின், திறந்த வெளியில் டேங்கிலுள்ள பெட்ரோலை முழுதும் வடிக்க வேண்டும். அருகில் பீடி, அடுப்பு, விளக்கு கூடாது.

2. வடித்த பெட்ரோலை அப்புறப்படுத்திய பின் எஞ்சினைக் கிளப்பி, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கார்புரேட்டரில் தங்கியது இதனால் தீர்ந்துவிடும்.

3. எஞ்சின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மீண்டும் பொருத்த வேண்டும். உள்ளே துருப் பிடிக்காது.

4. மருந்துத் தொட்டியைக் கழுவி, காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து, ஈரமில்லாத இடத்தில் கருவியை வைக்க வேண்டும்.

பவர் வீடர், புல் வெட்டும் கருவி போன்ற பெட்ரோல் கருவிகளுக்கும் இம்முறையே பொருந்தும்.

வாங்குவதும் வைப்பதும்

ஒரு மாதத்தில் தீரும் அளவே பெட்ரோல் வாங்குவது நல்லது. பெட்ரோலுக்கென உள்ள, இறுக மூடும் கேனில் நிழலில் வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் ஆகாது. வீட்டுக்குள்ளும் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது. ஆயில் கலவையை அன்றன்றைய தேவைக்கே கலக்க வேண்டும். கருவியின் கையேடு 50-க்கு 1 என்று கூறினால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயிலும், 25-க்கு 1 என்றால் 40 மில்லியும் சேர்க்க வேண்டும்.

பழைய பெட்ரோலைச் சந்தேகித்தால் சிறிது கண்ணாடிப் புட்டியில் எடுத்துப் பார்க்கலாம். அடியில் தனி அடுக்குத் தெரிந்தாலும், நிறம் கறுத்தாலும், புளித்த வார்னிஷ் வாடை வீசினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பெட்ரோல் கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்துகள் புதிய பெட்ரோலுக்கே உதவும். கெட்டதைத் திருத்த மாட்டா. கெட்ட பெட்ரோலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டினால் நீர் கெடும். அதை மூடிய கேனில் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

அறுவடைக்குப் பின் அரை மணி நேரம் செலவிட்டு இவற்றைச் செய்துவைத்தால், பூச்சி வரும் நாளில் கருவி கைகொடுக்கும்.