பிளக்கை மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? வயரையும் கப்பையும் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டால் முதல் வேலையாகப் பிளக்கைத்தான் கழற்றுவோம். இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய் ஒழுங்காக எரியாது. அதன் கரி பிளக்கில் படியும். கழற்றித் துடைத்து, அரத்தாளால் உரஞ்சி, திரும்பப் பூட்டினால்தான் அடுத்த சந்தி வரையாவது போகலாம். சிறுவனாக இதைப் பார்த்து வளர்ந்த என் வயதுக்காரருக்கும் அந்தப் பழக்கம் அப்படியே வந்துவிட்டது.

இன்று ஓடுவது பெற்றோலில். ஆனால் வாகனங்கள் பல அதே பழையவைதான். எம்.டி. 90, சி.டி. 125 போன்றவற்றில் பிளக் எத்தனையோ தடவை மாற்றப்பட்டிருக்கும். கொயிலில் இருந்து பிளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் வயரையும், பிளக்கின் தலையில் மாட்டும் கப்பையும் பலர் ஒருமுறைகூட மாற்றியதில்லை. பிளக் புதிது, மிஸ்ஸிங் மட்டும் பழையது என்றால், அடுத்ததாகச் சந்தேகிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

இது சின்ன விடயம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்தின் விலையே எட்டாத உயரத்துக்குப் போனது. 2009இல் எல்லாவற்றையும் கடற்கரையில் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு, பிறகு தேடிப் பெற்ற ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் மீன் பெட்டியையும் பால் கானையும் சுமக்கிறது, பிள்ளையை ரியூசனுக்குக் கொண்டுபோகிறது. நான் போன சில வீடுகளில் வாகனப் புத்தகத்தில் இன்னும் காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயர்தான் இருக்கிறது. அவற்றை விற்கச் சொல்வது எளிது. வைத்திருக்க என்ன செய்யலாம் என்று சொல்வதுதான் பயன்.

பொறி எப்படி வருகிறது?

பற்றரியோ மக்னெற்றோவோ கொடுக்கும் குறைந்த மின்னழுத்தத்தைக் கொயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அது வயர் வழியாகக் கப்புக்கும், கப்பில் இருந்து பிளக்குக்கும் போய், பிளக்கின் நுனியில் உள்ள சிறு இடைவெளியைத் தாண்டும்போது பொறி பிறக்கிறது. இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் எப்போதும் இலகுவான வழியைத்தான் தேடும். வயரின் றப்பர் வெடித்திருந்தால், பிளக் வரை போகாமல் அருகிலுள்ள இரும்புக்குப் பாய்ந்துவிடும்.

பெரும்பாலான கப்புகளுக்குள் ஒரு தடை இருக்கும், வழமையாக 5 கிலோ ஓம். வானொலியில் இரைச்சல் வராமல் தடுப்பது அதன் வேலை. காலப்போக்கில் அதுவும் கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் கப் நன்றாகவே இருக்கும், உள்ளே தொடர்பு அறுந்திருக்கும்.

அடையாளங்கள்

நின்ற இடத்தில் எஞ்சின் ஒழுங்காக ஓடும். ஆள் ஏறி, சுமை ஏற்றி, அக்சிலேற்றரை முறுக்கினால் திக்கும். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவை. அப்போதுதான் பலவீனமான வயர் தன் குணத்தைக் காட்டும். மழையிலும், பனி விழும் மார்கழிக் காலையிலும் இயங்க மறுப்பது இன்னொரு அடையாளம். எரியாத பெற்றோல் சைலன்சர் வழியே வீணாகப் போகும். 2022இல் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். ஒரு லீற்றரின் அருமை எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம்

இரவில், வெளிச்சம் இல்லாத திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, வயர் போகும் பாதையைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பெற்றோல் ஒழுக்கு இருந்தால் இதைச் செய்யக்கூடாது. நீல நிறத்தில் சிறு மின்னல் வெட்டினால் மின்சாரம் அங்கேதான் கசிகிறது. ஒன்றும் தெரியாவிட்டால் வயர் மீதும் கப் மீதும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே திக்கினால் விடை கிடைத்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது இரண்டையும் கையால் தொட வேண்டாம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கிட்டவே போகக்கூடாது.

மல்ரிமீற்றர் இருந்தால் கழற்றிய கப்பின் இரு முனைகளுக்கும் இடையில் அளந்து பாருங்கள். 5 கிலோ ஓம் கப்பில் அதற்குக் கிட்டிய அளவு வர வேண்டும். மிக அதிகமாகக் காட்டினாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ கப்பை எறிந்துவிடலாம்.

மாற்றும் முறை

எஞ்சின் ஆறிய பின், சாவியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். கப்பைப் பிடித்துக் கழற்ற வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. பழைய வாகனங்களில் கப் வயருக்குள் திருகித்தான் பூட்டப்பட்டிருக்கும். இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும்.

இப்போது வயரின் நுனியைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடும் வாகனங்களில் உப்புக் காற்றால் செம்பு பச்சை பிடித்திருக்கும். வயர் நீளம் போதுமென்றால் 5 அல்லது 6 மில்லிமீற்றரை நேராக வெட்டிவிடுங்கள். பளபளக்கும் செம்பு தெரிய வேண்டும். முதலில் றப்பர் மூடியை வயரில் கோர்த்து, பிறகு புதிய கப்பை வலப்பக்கமாக இறுகும் வரை திருகுங்கள். மெதுவாக இழுத்துப் பார்த்தால் கழரக்கூடாது. பல நேரங்களில் வேலை இத்துடன் முடிந்துவிடும். என்னுடைய வாகனத்தில் இதற்கு அரை மணித்தியாலமும் ஆகவில்லை.

கப் வாங்கும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள்: வளைவு, தடையின் அளவு, பிளக்கின் தலை. சில கப்புகள் பிளக்கின் உச்சியில் உள்ள சிறு மூடிக்குப் பொருந்தும். சில, மூடியைக் கழற்றிய வெறும் மரைக்குத்தான் பொருந்தும். பழைய கப்பையும் பிளக்கையும் கடைக்குக் கையோடு கொண்டுபோவது நல்லது.

வயர் முழுவதும் வெடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். திருகிப் பூட்டும் கப்புக்கு 7 மில்லிமீற்றர் தடிப்பில், உள்ளே செம்புக் கம்பி உள்ள வயர் வேண்டும். காருக்கு வரும் கரி இழை வயரில் கப்பின் திருகாணி சரியாகப் பிடிக்காது. பல கொயில்களில் வயர் பிரிக்க முடியாதபடி வார்க்கப்பட்டே வரும். அப்படியானால் கொயிலோடு சேர்த்து மாற்றுவதே உறுதியானது. முறுக்கிக் கட்டி ரேப் சுற்றுவது அடுத்த மழை வரைதான் தாங்கும்.

புதிய வயர் சைலன்சரில் படாமலும், சேசிஸில் உரஞ்சாமலும், கான்டிலைத் திருப்பும்போது இழுபடாமலும் போக வேண்டும்.

கராச்சுக்குப் போகும் முன்

தனியே வாகனம் ஓட்டிக் குடும்பத்தைக் கொண்டுசெல்லும் பெண்கள் பலர், எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் மறு கேள்வி கேட்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். கேளுங்கள். பிளக் வயரையும் கப்பையும் பார்த்தீர்களா, தண்ணீர் தெளித்துச் சோதித்தீர்களா, கப்பை அளந்தீர்களா? நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார். மாற்றிய பழைய பொருட்களையும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டையும் மாற்றிய பிறகும் திக்கினால் கொயில், காபரேற்றர், வால்வு என்று ஒவ்வொன்றாகப் போகலாம். செலவு குறைந்ததை முதலில் பார்த்து, கூடியதைக் கடைசிக்கு விடுவதே முறை.