அண்டர்கிரவுண்டுக்கு ஒரே வழியா? பழைய சுவரில் 'தப்பிக்கும் ஜன்னல்' வைப்பது எப்படி?

2024 ஜூலை 27. டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அண்டர்கிரவுண்ட் நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் உயிரிழந்தனர். பொருள் வைக்கவும் வண்டி நிறுத்தவும் மட்டுமே அனுமதி பெற்ற தளம் அது.

குமாரபாளையத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விசைத்தறி ஊரில் அண்டர்கிரவுண்ட் என்றாலே நூல் மூட்டையும் துணி பேலும்தான். தீப்பிடித்தால் புகை மேலேறுவது படிக்கட்டு வழியாக. ஆட்கள் ஓடி வர வேண்டியதும் அதே வழிதான். அதனால்தான் இரண்டாவது வழி தேவை.

எந்த அளவில் இருக்கணும்?

அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகள் ஒரு நல்ல அளவுகோல். ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் இடைவெளி 5.7 சதுர அடி இருக்க வேண்டும். குறைந்தபட்ச அகலம் 20 அங்குலம், உயரம் 24 அங்குலம். ஆனால் இரண்டையும் குறைந்தபட்சத்தில் வைத்தால் 3.3 சதுர அடிதான் வரும், அது போதாது. ஜன்னலின் அடிப்பகுதி தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். நம்ம ஊரில் இங்கேதான் சிக்கல்: அசையாத இரும்புக் கம்பி போட்டுவிட்டால் அது காற்றுக்கான ஜன்னல்தான், தப்பிக்க உதவாது.

சுவரை உடைத்தால் வீடு தாங்குமா?

முறையாகச் செய்தால் தாங்கும். ஆனால் முதலில் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கணும், நகராட்சி அனுமதியும் கேட்கணும். மேலே பீம் உட்காரும் இடம், தூண் அருகு இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

வேலை வெளியிலிருந்து தொடங்கும். சுவரை ஒட்டிக் குழி தோண்டி, மண் சரியாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளே ஜாக்கி வைத்து மேல்பாரத்தைத் தாங்கிய பிறகே சுவரில் கை வைக்கலாம். முதலில் லிண்டல், அது இறுகிய பிறகுதான் கீழே திறப்பு. இந்த வரிசை மாறினால் ஆபத்து. செங்கல் சுவரை மெஷினால் நேராக அறுக்கலாம். கருங்கல் கட்டில் ஒரு கல்லை எடுத்தால் பக்கத்துக் கல்லும் தளரும். அதனால் கல் கல்லாக எடுத்து, ஓரங்களைப் புதிதாகக் கட்டி இறுக்க வேண்டும்.

வெளிக்குழி 9 சதுர அடிக்குக் குறையாமல், சுவரை ஒட்டித் தொடங்கி வெளிநோக்கிக் குறைந்தது 3 அடி நீண்டிருக்கணும். ஆழம் 44 அங்குலத்தைத் தாண்டினால் ஏணி கட்டாயம். குழி முழுக்க உங்கள் இடத்துக்குள்ளேயே வர வேண்டும்.

கொத்தனாரிடம் 'பேஸ்மென்ட்' என்று சொன்னால் அவர் பேஸ்மட்டத்தை நினைக்கலாம். 'அண்டர்கிரவுண்ட்' என்றே சொல்லுங்க.

வெள்ளம் வந்தால்?

2022 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது குமாரபாளையம் கரையோரத் தெருக்களில் காவிரி புகுந்தது. இப்படிப்பட்ட இடத்தில் இந்த ஜன்னலே தண்ணீர் நுழையும் வாசலாகிவிடும். குழியின் விளிம்பைத் தரைமட்டத்துக்கு மேல் உயர்த்தி, அடியில் ஜல்லியும் வடிகாலும் வைத்தால் மழைநீரைச் சமாளிக்கலாம். ஆற்று வெள்ளத்தை அல்ல.

காரணம் எளிய இயற்பியல். 3 அடி அகலக் கதவுக்கு வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றாலே, அதன் மீது சுமார் 110 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். தள்ளித் திறப்பது கஷ்டம். உள்பக்கம் திறக்கும் கதவு என்றால் தாழ்ப்பாளை எடுத்ததும் தண்ணீர் பாயும்.

எனவே ஜன்னல் புகைக்கும் தீக்குமான வழி. கரையோர வீடுகளில் ஆள் படுக்கும் இடமாகவோ வேலை பார்க்கும் இடமாகவோ அண்டர்கிரவுண்டை வைக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. வெள்ள எச்சரிக்கை வந்தபின் நூல் மூட்டையை எடுக்கக்கூட யாரும் கீழே இறங்கக் கூடாது.