முடி கொட்டாத பூடில் கலப்புக் குட்டியும் தும்மலைத் தருவது ஏன்?

நாய் ஒவ்வாமைக்கு முடி காரணமல்ல. எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்களே காரணம். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் காம்பு கீழே கிடக்கும், மூக்கில் ஏறுவது மிதக்கும் தூசி. முடி அந்தக் காம்பு, செதில் அந்தத் தூசி.

சரி, பூடில் கலப்புக் குட்டியின் முடி ஏன் உதிராமல் நிற்கிறது? மீசை, தாடி தரும் ஒரு மரபணு உதிர்வையும் குறைக்கிறது. பூடிலிடமிருந்து அது வரும். கலப்பு நாய்களையே மீண்டும் இணைத்தால், ஒரே ஈற்றில் உதிர்க்கும் குட்டியும் உதிர்க்காத குட்டியும் பிறக்கலாம்.

1980களின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் வாலி கொன்ரன், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண்ணுக்காக லாப்ரடோரையும் பூடிலையும் இணைத்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்று மட்டுமே அவருக்கு ஒத்துப்போனது. 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வோ, 'ஒவ்வாமை தராத' இனங்களின் முடியில் அந்தப் புரதங்களில் ஒன்று மற்ற நாய்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டது.

நுவரெலியா, ஹட்டன் குளிரில் சன்னலைச் சாத்திய லயன் காம்பராவில் செதில் வெளியேற வழியில்லை, கம்பளியிலேயே தங்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் இனப் பெயரை நம்பாமல், வாங்க நினைக்கும் குட்டியோடு சில நாள் பழகிப் பார்த்தே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.